யார் கேட்டார்கள் இந்த இரக்கத்தை

நெட்டையன் மேல் இருக்கும் கோபத்தைவிட, அந்த நல்ல மனசுக்கார அதிகாரி மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். நெட்டையன் போலீஸ்காரன். காணாமல் போன ஒரு போனுக்காக, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் என் தம்பியை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய்த் தாடையைப் பெயர்த்தவன். போன் மறுநாளே கடை முதலாளியின் கார் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. தம்பிக்கு இன்றைக்கும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் உயிர் போகிற வலி.

புகார் எழுதி, செருப்புத் தேய அலைந்து, ஒருவழியாக இலாகா விசாரணை வந்தது. விசாரித்தவர்தான் நம்ம நல்ல மனசு. தம்பி இரண்டு வரி சொல்வதற்குள் அவன் கண் கலங்கிவிட்டது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எதுக்குப்பா சிரமப்படுறே? ஆஸ்பத்திரியில குடுத்த வாக்குமூலம் இருக்கே, அதையே சேர்த்துக்கறேன். படிச்சுப் பாத்து கையெழுத்துப் போடு, போதும்.”

நெட்டையன் வெளியே பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனை உள்ளே கூப்பிடவே இல்லை. “அவன் மூஞ்சிய நீ எதுக்குப் பாக்கணும்?” என்றார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். போலீஸிலும் மனுஷன் இருக்கிறான் என்று, நான் வேலை செய்யும் பேக்கரி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். புத்தி கெட்டவள்.

மூன்றாவது மாதம் நெட்டையனை வேலையை விட்டு நீக்கினார்கள். அவன் கோர்ட்டுக்குப் போனான். தீர்ப்பு நாளில் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்க அவனுக்கு வாய்ப்பே தரவில்லையாம். அதனால் நீக்கியது செல்லாதாம். சாட்சி விசாரணையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம், அதுவரை அவனுக்கு வேலை உண்டாம்.

“அப்ப அவன் அடிக்கலைன்னு சொல்றாங்களா?” என்று வராந்தாவில் நின்ற ஒரு வக்கீலம்மாவைப் பிடித்துக் கேட்டேன்.

“அடிச்சானா இல்லையான்னு கோர்ட் சொல்லலம்மா. நீக்கின முறை தப்புங்குது. யாரா இருந்தாலும், தன்மேல சாட்சி சொல்றவங்களைக் கேள்வி கேக்க உரிமை உண்டுல்ல? நாளைக்கு உங்களையே வேலைய விட்டுத் தூக்கினா நீங்க கேக்க மாட்டீங்களா?”

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அன்றைக்கு நெட்டையனைப் பத்து நிமிஷம் உள்ளே உட்கார வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். தம்பி அழுதுகொண்டேயாவது சொல்லியிருப்பான். யார் கேட்டார்கள் இந்த இரக்கத்தை? நான் கேட்டேனா, தம்பி கேட்டானா?

புது விசாரணைக்குப் புது அதிகாரி. தம்பிக்குத் துணையாக என்னை உட்கார விட்டார், வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான். கிளம்பும்போது தம்பி, “இந்தத் தடவை முழுசா சொல்லிடுவேன்க்கா” என்றிருந்தான். நெட்டையன் கஞ்சி போட்ட சீருடையில் வந்து எதிரே உட்கார்ந்தான். கேள்வியை அவனே கேட்கலாமாம், அதுதான் விதியாம். அடித்தவன் கேட்க, அடிபட்டவன் பதில் சொல்ல வேண்டும். நல்லா இருக்கு போங்க.

“தம்பி, கடை இன்னும் அதே பஸ் ஸ்டாண்ட் பக்கம்தானே?” என்று ஆரம்பித்தான். “நம்ம ஸ்டேஷன் லிமிட்தான்ல?”

“விஷயத்துக்கு வா” என்றார் அதிகாரி.

“சரிங்க சார். நான் அடிச்சேன்னு சொல்றீங்களே, எந்தக் கையால அடிச்சேன்?”

தம்பி மேசையைப் பார்த்தான்.

“சொல்லுடா” என்றேன்.

“அம்மா, நீங்க பேசக் கூடாது” என்றார் அதிகாரி.

தம்பி தலையைத் தூக்கினான். அதிகாரியைப் பார்க்கவில்லை. நெட்டையனைத்தான் பார்த்தான்.

“ஞாபகமில்லைங்க சார்” என்றான் அவனிடம்.