இரவல் குப்பை

சுருளிப்பட்டிக்குப் போய் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த சீனிச்சாமி, வண்டியை விட்டு இறங்கியதும் மாப்பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நேரே கொல்லைப்பக்கம் போனார். மாட்டுத் தொழுவத்தின் சுவரோரம் கிடந்த தன் வீட்டுச் சாணிக்குப்பையை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். அது முழங்கால் உயரம் இருந்தது.

பின்னாலேயே வந்த மனைவி மாயக்காள் கேட்டாள்: "மாப்பிள்ளை எப்பிடி?"

"இருக்கான். கை கால் எல்லாம் இருக்கு. அவுக வீட்டுக் குப்பைய நீ பாக்கலியே மாயி. வைக்கப்படப்பு ஒசரம். அண்ணாந்து பாத்தேன்."

"மாப்பிள்ளையவா?"

"குப்பைய."

அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. கூடலூர்ப் பக்கம் சம்பந்தம் பேசுகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். குப்பை பெரிதென்றால் மாடு அதிகம். மாடு அதிகமென்றால் நிலம் அதிகம். நகையை இரவல் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், பட்டுச்சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், சாணியை எவன் இரவல் வாங்குவான் என்ற நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கையைச் சீனிச்சாமி மறுநாள் காலையிலேயே உடைத்தார். அடுத்த வீட்டுக் கருத்தம்மாளின் தொழுவத்து வாசலில் போய் நின்றார்.

"கருத்தம்மா, உன் குப்பைய எனக்குக் குடு. வெதப்புக்கு முன்னாடி திருப்பித் தந்துருவேன்."

"குப்பையவா? எதுக்கு கொழுந்தனாரே, தலகாணிக்கா?"

"பொண்ணு பாக்க வாராக. கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்னுதான்."

கருத்தம்மாள் சிரிப்பை முந்தானைக்குள் வாங்கிக்கொண்டாள். "தாராளமா அள்ளிக்கிருங்க. நித்தம் காலையில வந்து கூட்டி அள்ளிட்டீகன்னா எனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் மட்டுமா? எதிர்வீடு கொடுத்தது, கோடிவீடு கொடுத்தது. வெற்றிலைச் செல்லத்தை எடுத்துத் தரக்கூட ஆள் வேண்டும் என்கிற சீனிச்சாமி, விடிவதற்குள் எழுந்து நாலு வீட்டுத் தொழுவத்தைக் கூட்டி, கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து தன் தொழுவச் சுவரோரம் கொட்டினார். தெருவுக்குத் தொழுவமே தெரியாதபடி குப்பை எழும்பியது. அக்கம்பக்கத்து மாடுகள் வாலை ஆட்ட வேலையில்லாமல் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. அவற்றின் ஈயெல்லாம் சீனிச்சாமி வீட்டில் இருந்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் செவலைப்பசு கன்று போட்டது. மாயக்காளுக்கு அவள் தாய்வீட்டிலிருந்து வந்த பசு அது. இதுவரை போட்டதெல்லாம் காளைக்கன்று. எல்லாவற்றையும் சீனிச்சாமி சந்தையில் விற்று வேட்டி எடுத்துக்கொண்டார். இப்போதுதான் ஒரு கிடாரி. நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு பிறந்த அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இது எனக்கு. இதுல யாரும் கைவைக்கக் கூடாது" என்று மாயக்காள் சொல்லிவைத்தாள்.

ஈ அதைக் கேட்கவில்லை. கன்றின் தொப்புள் காய்வதற்குள் உட்கார்ந்து முட்டையிட்டது. தொப்புளில் புழு வைத்தது. மாயக்காள் ஈர்க்குச்சியால் புழுவை எடுத்து, சீத்தா இலையை அரைத்து அப்பி, துணி சுற்றிக் கட்டினாள். மறுநாள் அவிழ்த்தால் புண் ஓரத்தில் புதுப்புழு நெளிந்தது. கன்று மடி தேடி எழுந்து நிற்கும், நாலு வாய் குடிக்கும், கால் நடுங்கிப் படுத்துவிடும்.

"இங்கன பாருங்க. அந்தக் குப்பைய அள்ளி எறிஞ்சாத்தான் இது பிழைக்கும். ஈ பூரா அதுலதான் பொறக்குது."

"குப்பையில ஈ பொறக்குதா? இத்தனை வருஷமா நம்ம வீட்டுல குப்பை இல்லயா? இது கருத்தம்மா வேலை. அவ வீட்டு ஈயை நம்ம பக்கம் ஏவி விட்டுட்டா."

"அவ ஏவி விடல. நீங்கதான் கூடையில வச்சுச் சொமந்துக்கிட்டு வந்தீக."

"பொண்ணு பாத்துட்டுப் போகட்டும் மாயி. மறுநாளே அள்ளிருவேன்."

"நிச்சயமா?"

"நான் பேச்சு மாறுற ஆளா?"

மாயக்காள் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து நாட்களை எண்ண ஆரம்பித்தாள்.

அதற்காகச் சீனிச்சாமி சும்மா இருந்தார் என்று சொல்லக் கூடாது. குப்பையைத் தொடாமல் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்தார். தொழுவ நிலையில் வேப்பிலைத் தோரணம் கட்டினார். ஈக்கள் அதில் வரிசையாக உட்கார்ந்து இளைப்பாறின. எருமைக்கு வேப்பெண்ணெய் பூசினார். எருமை போய்ச் சேற்றில் புரண்டுவிட்டு வந்தது. கடைசியில், மலையடிவாரத்து லோயர் கேம்பில் கொசுமருந்து அடிக்கும் வேலை பார்த்த சண்முகராஜைக் கூட்டிவந்தார். உலகச் சண்டை முடிந்த பிறகு வந்திறங்கிய டி.டி.டி. என்கிற வெள்ளை மருந்தைப் பற்றி அவன் பேசினால் ஈயே மயங்கி விழும்.

"இது மிலிட்டரி மருந்து, மாமா. வெள்ளைக்காரன் இத அடிச்சுத்தான் சண்டையில ஜெயிச்சான்."

"எதிராளி மேல அடிச்சானா?"

"இல்ல, தன் கூடாரத்துல அடிச்சான். நீங்க தள்ளி நில்லுங்க."

பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு சுவர், கூரை, தூண் என்று எல்லாவற்றின் மேலும் பீய்ச்சினான். கன்றின் மேலும் திருப்பப் போனவனை மாயக்காள் துடைப்பத்தோடு மறித்து நின்றாள். சாயங்காலம் ஈ கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடந்தது. சீனிச்சாமி அதைக் கூட்டி ஒரு முறத்தில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். கூலியாக ஒரு கோழி சண்முகராஜோடு லோயர் கேம்புக்குப் போயிற்று.

அந்த வாரமே தொழுவம் பழையபடி இரைந்தது. சண்முகராஜைப் பிடித்துக் கேட்டார்.

"என்னலே, ஈ அம்புட்டும் அப்பிடியே இருக்கு?"

"அது வேற ஈ மாமா. நான் மருந்து அடிச்ச ஈ செத்துப்போச்சுல்ல?"

சீனிச்சாமி யோசித்துப் பார்த்தார். அவன் சொன்னது அவருக்கு நியாயமாகவே பட்டது.

பெண் பார்க்க வரும் நாள் வந்தது. மாயக்காள் கன்றின் தொப்புளைக் கழுவும்போது அது கழுத்தைத் தூக்கவில்லை. இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள் என்று அதன் காதில் சொன்னாள். அந்த நேரம் பார்த்துச் சீனிச்சாமி தொழுவத்துக்குள் நொச்சித்தழையைப் போட்டு மூட்டம் எழுப்பினார். புகை தாங்காமல் ஈ முழுவதும் தொழுவத்தை விட்டு வெளியேறிப் பக்கத்தில் திறந்திருந்த வீட்டுக்குள் புகுந்தது. பணியாரம் அங்கேதான் இருந்தது.

வில்வண்டியிலிருந்து இறங்கிய சுருளிப்பட்டிக்காரர்களும் பெண் எங்கே என்று கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை பொன்னாத்தாள்தான் முன்னால் வந்தாள். கணீரென்ற குரல், காதில் கனத்த பாம்படம். கொல்லைப்பக்கம் போய்க் குப்பையைச் சுற்றி வந்தாள். பிறகு தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மாடு எத்தனைண்ணே?"

"உழவுமாடு ரெண்டு தங்கச்சி. செவலை ஒண்ணு, எருமை ஒண்ணு" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார் சீனிச்சாமி.

"நாலு மாடு இம்புட்டுச் சாணி போட்டுச்சுன்னா அது மாடில்லண்ணே, ஆனை. தேக்கடிப் பக்கம் பிடிச்சீகளா?"

"மத்ததெல்லாம் மலையில மேயப் போயிருக்கு."

"மாடு மலைக்குப் போயிருச்சு. ஈ மட்டும் வீட்டுக்குக் காவலா?"

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மகள் சுப்புத்தாய் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பொன்னாத்தாள் டம்ளரை ஒரு கையால் மூடிக்கொண்டு மறுகையால் விசிறினாள். மாப்பிள்ளையின் அப்பா பணியாரத்தை எடுத்தார். மேலே கருப்பாக இருந்ததை எள் என்று நினைத்திருப்பார், அது பறந்ததும் கீழே வைத்துவிட்டார்.

யாரும் எதுவும் பேசாதது சீனிச்சாமிக்குக் குப்பையின் மேலுள்ள மரியாதையாகப் பட்டது. உற்சாகமாகிவிட்டார்.

"இது என்ன பிரமாதம் தங்கச்சி. கல்யாணத்துக்கு நீங்க வாரப்ப பாக்கணும். வீட்டுக் கூரையத் தொட்டுரும். அதுவரைக்கும் ஒரு கூடை எடுக்க விடமாட்டேன்."

கதவோரம் நின்ற மாயக்காள் அவரைப் பார்த்தாள். கல்யாணம் என்றால் ஆவணியில்தான். கன்று ஆவணியைப் பார்க்காது. வாரக்கடைசியைப் பார்க்குமா என்பதே சந்தேகம். சுப்புத்தாயையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நடுவீட்டுக்கு வந்தாள்.

"மதினி, அந்தக் குப்பை எங்களுது இல்ல."

"இவளுக்குக் காலையிலருந்து தலைவலி" என்றார் சீனிச்சாமி.

"எங்களுது முழங்கால் ஒசரம். மத்ததெல்லாம் ஊர்க்குப்பை, இரவல். கன்னுக்குட்டி மட்டுந்தான் எங்களுது. அந்தக் குப்பை கெடந்தா கன்னு பிழைக்காது. குப்பையப் பாத்துத்தான் பொண்ணு எடுப்பீகன்னா, வந்த வழியே போயிருங்க. கோவிச்சுக்கிற மாட்டேன்."

பதிலுக்குக் காத்திராமல் கொல்லைக்குப் போய்ச் சுவருக்கு மேல் குரல் கொடுத்தாள். "கருத்தக்கா, உங்க குப்பைய வந்து அள்ளிக்கிட்டுப் போங்க. எதிர்வீட்டுலயும் சொல்லிருங்க. நேரா வயக்காட்டுல கொண்டுபோய்க் கொட்டுங்க, வீட்டுப்பக்கம் வேணாம்."

கருத்தம்மாள் கூடையும் கையுமாகச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். பெண் பார்க்கும் சடங்கு முழுவதையும் அங்கிருந்தே கேட்டுவிட்டாள்.

"கல்யாணம் முடிஞ்சு பேறுகாலம் பாத்துட்டுத்தான் தருவாகன்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். பின்னாலேயே எதிர்வீடு வந்தது, கோடிவீடு வந்தது. விருந்தாளிகள் முன்னிலையில் குப்பை கூடை கூடையாகக் கிளம்பியது. சுப்புத்தாய் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, புதுச்சேலையைத் தூக்கிச் செருகி அம்மாவோடு சேர்ந்து அள்ளினாள்.

பொன்னாத்தாள் சிரிக்க ஆரம்பித்தாள். பாம்படம் ரெண்டும் தோளில் அடிக்க அடிக்கச் சிரித்தாள்.

"அண்ணே, அன்னைக்கு எங்க வீட்டுக் குப்பைய அண்ணாந்து பாத்தீகள்ல? அதுல பாதி என் கொழுந்தன் வீட்டுது. நீங்க வண்டியேறின மறுநாளே வந்து அள்ளிக்கிட்டுப் போயிட்டாக."

சீனிச்சாமி விறைத்துப்போனார். அதுவரை குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.

"அப்ப நீங்க என்னைய ஏமாத்திருக்கீக. பாதிக் குப்பைய இரவல் வாங்குற குடும்பமா? இந்தச் சம்பந்தத்த நான் யோசிக்கணும்."

"நல்லா யோசிங்க" என்று ஒரு கூடையை அவர் கையில் கொடுத்தாள் மாயக்காள். "இதத் தலையில வச்சுக்கிட்டே யோசிங்க."

பொழுது சாய்வதற்குள் தொழுவம் தெருவுக்குத் தெரிந்தது. முழங்கால் உயரக் குப்பையையும் மாயக்காள் விடவில்லை. அதுவும் வயலுக்குப் போயிற்று. ஈ ஒரே நாளில் ஒழியவில்லை. நாளாக நாளாகத்தான் குறைந்தது. ஒரு காலையில் கட்டை அவிழ்த்தபோது தொப்புளில் புதுப்புழு இல்லை; ஓரம் காய்ந்திருந்தது. கன்று அவளைத் தள்ளிவிட்டு எழுந்து போய் மடியை முட்டியது.

ஆவணியில் கல்யாணமும் நடந்தது. பந்தியில் யாரோ, "தொழுவுல ஒரு ஈ இல்லையே, எப்பிடி?" என்று கேட்டார்கள்.

"எல்லாம் சண்முகராஜ் அடிச்ச மருந்துதான்" என்றார் சீனிச்சாமி. "மிலிட்டரி மருந்துல்ல. உடனே வேலை செய்யாது. நின்னு நிதானமாத்தான் வேலை செய்யும்."