டிரேவரின் அறையில் தினமும் சாகிறவள்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. சிவாஜிநகரில் ஏறிய பேருந்தில், முன் இருக்கைப் பெண்மணி போனில் பேசியதை ஒட்டுக்கேட்டேன். "இன்னைக்கு மட்டும் பதினாலு தடவ செத்தேன்டி. தொண்டை போயே போச்சு" என்றார். அடுத்து, கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டதைப் பற்றி இன்னும் அதிக வருத்தத்தோடு பேசினார். என் நிறுத்தம் போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. வீடியோ கேமில் சுடப்பட்டு விழுகிறவர்களின் அலறலை யாரோ ஒருவர் ஒலிப்பதிவு அறையில் நின்று நிஜமாகவே அலறிக் கொடுக்க வேண்டுமாம். அந்தப் பெண்மணிக்கு நான் கேரல் என்று பெயர் வைத்தேன். வயது நாற்பத்தெட்டு. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "இரத்தம் தெறித்தது." அடித்துவிட்டேன். எதில் தெறித்தது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது: "கேரல் கண்ணாடி முன் நின்றாள். கண்ணாடியில் அவள்" (நிறுத்திவிட்டேன். கண்ணாடி பார்க்கும் பெண்கள் என் கதைகளில் ஏற்கெனவே நான்கு பேர்.)

மூன்றாவது தொடக்கத்தில் ஓர் இளைஞன் இரவு பகலாக கேம் ஆடுகிறான், பிறகு கத்தியை எடுக்கிறான். நீங்கள் எதிர்பார்த்து வந்தது இதுவாகத்தான் இருக்கும். நானும் இதைத்தான் மூன்று பக்கம் எழுதினேன். அவன் ஏன் கத்தியை எடுத்தான் என்ற இடத்தில் பேனா நின்றது. கேம் ஆடினான், அதனால் எடுத்தான் என்று எழுதிப் பார்த்தேன். படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

[ஒரு வாக்குமூலம்: இதுவரை என் கதைகளில் பதினொரு பேரைக் கொன்றிருக்கிறேன். இருவர் லாரியில், ஒருத்தி கிணற்றில், மீதிப் பேர் நோயில். கிணற்றுக் கதைக்குப் பரிசும் சால்வையும் கிடைத்தன. அதைப் படித்து வாசகர் கெட்டுப்போவார் என்று யாரும் கூட்டம் போடவில்லை.]

3

கேரலின் பக்கத்து வீடு மௌரீனுடையது. பன்னிரண்டு வருடச் சிநேகிதம். ஒரு வீட்டில் மீன் குழம்பு வைத்தால் இன்னொரு வீட்டில் அன்று அடுப்பு வேலை குறையும். ஆனால் தன் தொழிலைப் பற்றி மட்டும் கேரல், "விளம்பரத்துக்கு வாய்ஸ் குடுக்கறேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை. ஒரு குக்கர் விளம்பரத்துக்குக் கொடுத்திருக்கிறாள்.

மௌரீனின் மகன் டிரேவருக்கு இருபத்தாறு வயது. வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை. நிச்சயம் பண்ணிய கல்யாணம் போன வருடம் முறிந்ததிலிருந்து அம்மாவோடு அதிகப் பேச்சு இல்லை, அறைக்கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு உள்ளே கேம் தொடங்கும்.

"ஒரு பொம்பள கத்துறா கேரல். தினமும். இவன் என்னமோ பண்றான் அவள. என் வயித்துல பெத்தது இப்படி ஆயிடுச்சேன்னு இருக்கு" என்று மௌரீன் ஒருநாள் அழுதாள்.

கேரல் சமாதானம் சொன்னாள். மறுவாரம் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவளே அந்த அலறலைக் கேட்டாள். அலறலின் கடைசியில் ஒரு சின்ன இருமல். பதிவு செய்த அன்று அவளுக்குச் சளி பிடித்திருந்தது. கிண்ணத்தைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. சொன்னால் மௌரீன் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாமலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

4

[அன்பியம் என்பது கத்தோலிக்கர்களான இவர்கள் பங்கில், அதாவது சர்ச் வட்டாரத்தில், பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. நான் வேறு மதம். எல்லாம் நண்பரிடம் கேட்டு எழுதுவது, பிழை இருந்தால் அவர் தலையில் போடுங்கள்.]

அந்த ஞாயிறு ஐந்து மணி அன்பியம் கேரல் வீட்டு முறை. தப்பிக்க வழியில்லை. பாட்டு, வாசகம் எல்லாம் முடிந்து மன்றாட்டு வந்தது. ஆளுக்கொரு வேண்டுதலைச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற தபால்காரர் தியோடர் முதலில் தொடங்கினார். "கொலைவெறி விளையாட்டுகளை உண்டாக்கிப் பிள்ளைகளைக் கெடுப்பவர்கள் மனந்திரும்ப வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் எல்லோரும். கேரல் குரல்தான் ஓங்கி ஒலித்தது. தொழில் பழக்கம்.

அடுத்து மௌரீன்.

"ஆண்டவரே, எங்க டிரேவர் ரூம்ல தினமும் ஒருத்தி சாவுறா. படம்தாம்மான்னு அவன் சொல்றான். ஆனா அந்தக் குரல் நெசம். அவ யாரோ, எந்த ஊரோ. அவளுக்கு வலிக்கக் கூடாது. எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

எல்லோரும் பதில் சொன்னார்கள். கேரலின் ஓங்கிய குரல் மட்டும் அதில் இல்லை.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: உண்மை தெரிந்து தியோடர் எழுந்து போகிறார், பின்னாலேயே வீடு காலியாகிறது.

இரண்டு: கேரல் அழுதுகொண்டே தெருவில் ஓடுகிறாள், எதிரே தண்ணீர் லாரி. (பன்னிரண்டாவது ஆள். வெட்கமாகப் போய்விட்டது.)

மூன்று: ஒன்றும் சொல்லாமல் டீ ஊற்றுகிறாள். பத்திரிகைக்காரர்களுக்கு இந்த மாதிரி மௌனம் ரொம்பப் பிடிக்கும். ஏறக்குறைய இதையே வைத்திருப்பேன்.

பாத்திரங்கள் நம் பேச்சைக் கேட்பதில்லை என்று எழுத்தாளர்கள் விடுவது வழக்கமான பீலா. எனக்குத்தான் மனம் வரவில்லை. இரண்டு வாரமாக அவளைப் பயத்திலேயே வைத்திருந்தேன், போதும்.

6

ஜெபம் முடிந்து எல்லோர் கையிலும் கேக் தட்டு வந்ததும் கேரல் வாயைத் திறந்தாள். "மௌரீன், அது நான்டி."

"எது?"

"உங்க வீட்ல சாவுறவ. கேமுக்கு வாய்ஸ் குடுக்கறது. அந்தக் கத்தல் என்னுது."

மௌரீன் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "வலிச்சுதா?" என்றாள்.

"தொண்டைதான். வெந்நீர் குடிச்சா சரியாப் போயிடும்."

மௌரீன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒரு வருஷமா அந்தப் பொம்பளைக்குன்னு ஜெபமாலை சொல்லிட்டிருக்கேன். பக்கத்து வீட்ல உக்காந்து என் மீன் குழம்ப சாப்ட்டுட்டு இருந்திருக்கே." சொல்லிவிட்டுச் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். கேரலுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

தியோடர் தொண்டையைச் செருமினார். "நான் செஞ்ச மன்றாட்ட வாபஸ் வாங்க மாட்டேன்மா."

"வேணாம் சார். அதுக்கு நானும்தானே பதில் சொன்னேன்."

"அது சரி" என்று அவர் இன்னொரு கேக் துண்டை எடுத்துக்கொண்டார்.

[அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சால்வை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.]

7

மௌரீன் விடவில்லை. கேரலைக் கையோடு இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய் மகனின் கதவைத் தட்டினாள்.

"டிரேவர், அந்தப் பொம்பள நம்ம கேரல்டா."

டிரேவர் கதவை முழுசாகத் திறந்தான். திரையில் ஒரு பாலம், அதன் மேல் காயம்பட்டவனுக்குக் கட்டுப் போடும் ஒரு டாக்டரம்மா. கேரல் அவளை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். பதிவின்போது காட்டியது வெறும் காகிதம்.

"ஏன்டா தினமும் இவளக் கொல்றே?" என்றாள் மௌரீன்.

"நான் எங்கம்மா கொல்றேன்? பாலத்த வெடி வெச்சுத் தகர்ப்பானுங்க. இவங்க அடிபட்டவன விட்டுட்டு ஓட மாட்டாங்க. கேம் ஆடற மத்தவங்க எல்லாம் இவங்கள அப்படியே விட்டுட்டு அடுத்த லெவல் போயிடுவாங்க. எனக்குப் போக முடியல. காப்பாத்தலாம்னு ஒரு வருஷமா ட்ரை பண்றேன்." பிறகு கேரலைப் பார்த்து, "ஸாரி ஆன்டி, இன்னும் முடியல" என்றான்.

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார, மௌரீன் கிட்டே போனாள். மகனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவனும் விலகவில்லை. ஒரு வருடத்தில் இதுதான் முதல் முறை.

"இன்னொரு தடவ போடு. நாங்களும் பாக்கறோம்" என்றாள் கேரல்.

டிரேவர் கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் பண்ணினான். இதற்கு மேல் நான் ஒரு வரி எழுதினாலும் அவள் பிழைப்பதோ சாவதோ என் கைக்கு வந்துவிடும், என் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நான் வாசலோடு நின்றுகொள்கிறேன். கட்டிலில் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கிறது, நீங்கள் போய் உட்காருங்கள்.