முதல் வடிவம் இல்லாத சொல்

இத்தாலியின் ஃபெராரா நகரத்துப் பள்ளியொன்றின் நூலக வாசலில், ஒர்னெல்லாவின் கழுத்துத் துண்டைச் சரிசெய்துவிட்டாள் லவீனியா.

"ஓநாய் வாய்க்குள்ள போயிட்டு வாடி," என்று தேர்வுக்குப் போகிறவர்களுக்கு அந்நாட்டார் சொல்லும் வாழ்த்தைச் சொன்னாள்.

"ஓநாய் செத்தொழியட்டும்," என்று வழக்கமான மறுமொழியைச் சொன்னாள் ஒர்னெல்லா.

"நீ தோத்தா வேலை எனக்கு, ஜெயிச்சா விருந்து எனக்கு. எப்படிப் பாத்தாலும் நட்டமில்ல!"

இருவரும் பல்லாண்டுகளாகப் பிறர் விடுப்புகளை நிரப்பிவரும் பதிலி ஆசிரியைகள். இலத்தீனுக்கு எஞ்சியிருந்த நிலையான பணியிடமோ ஒன்றே. கிடைக்காதவள் செப்டம்பரில் எந்த ஊருக்குப் பெட்டி கட்டுவாளோ, யாரறிவார்?

முந்தைய நாள், வாய்மொழித் தேர்வுக்கான தலைப்புகள் அடங்கிய மூன்று உறைகளுள் ஒன்றை ஒர்னெல்லா எடுத்திருந்தாள்: 'விச்சிஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் தோற்றமும் வேற்றுமைகளும். முறை, மாற்றம், ஒருவருக்குப் பதில் மற்றொருவர் என்றெல்லாம் பொருள்படும் அச்சொல்லுக்கு எழுவாய் வடிவம் எந்த ஏட்டிலும் இல்லை. முறையினுடைய, முறையை, முறையால் எனப் பிற வேற்றுமைகளிலேயே அது வாழ்ந்து முடிந்தது. இதனைத் தேர்வுக் குழுவின் முன் விளக்குகையில் அவள் குரல் தானே தணிந்தது. ஆண்டுதோறும் வேறொருவர் பெயரெழுதிய அலமாரியில் தன் பையை வைத்துவந்தவள் அவள்.

"நல்லது. இதே வேர்லேருந்து வந்த சொல் ஒண்ணு ஜெர்மன்ல இருக்கே, என்னம்மா அது?" என்றார் குழுத் தலைவி கெதீனி.

நேற்றிரவுவரை நாவில் இருந்த சொல் பறந்துவிட்டது. அவளுக்குப் பின்னே, பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"வெக்ஸெல்."

தலைவி கண்ணாடியை இறக்கினார். "யாரது பின்னால? இதே தப்புக்குத்தான நாம பசங்கள வெளிய நிக்க வைக்கிறோம்?"

அவருக்குச் சரியாகக் கேட்டிருக்கவில்லை. அச்சொல்லைத் தனதாகவே உரைத்துவிடலாம். ஒர்னெல்லா தலைவியை நேராகப் பார்த்தாள்.

"வெக்ஸெல், அம்மா. எனக்கு மறந்துபோச்சு, பின்னாலேருந்து சொன்னாங்க."

தலைவி ஏதோ குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அடுத்தவங்க வரலாம்."

எழுந்து வந்தவள் லவீனியா. இடைவழியில் ஒருத்தியின் தோள் மற்றொருத்தியின் தோளை உரசியது.

"லூசாடி நீ?" என்றாள் லவீனியா, உதடசையாமல்.

பார்வையாளர் வரிசையில் தோழி விட்டுச்சென்ற நாற்காலியில் ஒர்னெல்லா அமர்ந்தாள். அதில் இன்னும் சூடு ஆறவில்லை. முன்னே தலைவி முதல் வினாவைத் தொடுத்தார். லவீனியாவின் முதுகு அசையாதிருந்தது. ஒர்னெல்லா, தன்னையறியாமலே, நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வாயைத் திறந்தாள்.