நல்ல நேரத்துச் சாவிகள்

பொழுது விடிவதற்கு முன்பே, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் செய்யும் திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் வெல்டிங் பொறி பறக்கத் தொடங்கிவிடும். அப்படியொரு பட்டறையின் மாடியில் இனியா, அறிவு, நவீன்குமார், தனப்பிரியா நால்வரும் அந்நேரத்துக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கீழே இரும்பை அறுத்தால் மேலே மேசை அதிரும். ஜன்னலைச் சாத்தினாலும் டீசல் நாற்றம் வரும். கண் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். விரல் மூட்டுகள் விறைக்கும். குளுகுளு அறையில் சொகுசு வேலை என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது, நினைத்துவிட்டுப் போகட்டும். ஏசி போன மாதமே நின்றுவிட்டது. சம்பளத்தில் பாதியும் அத்தோடு நின்றது.

ஐந்தாவது நாற்காலி காலியாக இருந்தது. பாதிச் சம்பளம் எங்கே என்று கேட்ட தர்ஷனை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவனுடைய அசல் படிப்புச் சான்றிதழ்கள் முதலாளி அறைப் பீரோவிலேயே கிடக்கின்றன. வேலைக்குச் சேரும் அன்றே எல்லோரிடமும் அவற்றை வாங்கிப் பூட்டிக்கொள்வார்கள். படித்தவர்களைக் கொத்தடிமையாக்க ஒரு பீரோ போதும்.

முதலாளி அப்புசாமி ரிக் வண்டிகளில் சம்பாதித்தவர். இப்போது கிரிப்டோ என்ற இணையக் காசில் இறங்கி, அந்தக் காசைப் போனிலேயே சேமித்துவைக்கும் செயலி ஒன்றை இவர்களை வைத்துச் செய்துகொண்டிருந்தார். இளம்பிள்ளை ஊர்த் தறிக்காரர்களிடம் ஏஜெண்டுகள் ஆள் பிடித்தார்கள். இனியாவின் அம்மா மயிலம்மாளும் அங்கே தறி ஓட்டுபவள்தான். மகள் செய்கிற செயலி என்ற பெருமையில் தெருவையே பெயர் கொடுக்க வைத்திருந்தாள்.

அன்று காலைச் சோதனையில்தான் இனியா அதைக் கண்டாள். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ரகசியச் சாவி உண்டு. மிகப் பெரிய எண் அது. குருட்டாம்போக்கில் பிறந்தால்தான் யாராலும் ஊகிக்க முடியாது. இந்தச் செயலியிலோ சாவி கடிகாரத்திலிருந்து பிறந்தது. பழைய போன்களில் ஓடட்டும் என்று நவீன்குமார் தற்காலிகமாக எழுதியது, அவசரத்தில் அப்படியே தங்கிவிட்டது. கணக்குத் திறந்த நேரம் தெரிந்தால் சாவியும் தெரிந்துவிடும்.

நேரத்தைத் தேடவும் வேண்டியதில்லை. அப்புசாமி ஜோசியரைக் கேட்டு, வெள்ளிக்கிழமை நல்ல நேரமான ஒரு மணி நேரத்துக்குள்தான் எல்லோரும் கணக்குத் திறக்க வேண்டும் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். இனியா தனப்பிரியாவை ஒரு சோதனைக் கணக்கு திறக்கச் சொல்லி, அவள் திறந்த ஒரு மணி நேரத்தின் நொடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். டீ ஆறுவதற்குள் கணக்கு திறந்துகொண்டது. நவீன்குமார் தலையில் கைவைத்துக்கொண்டான். தப்பு தன்னுடையதுதான் என்றும், ஒரு வாரம் கிடைத்தால் சரிசெய்துவிடுவதாகவும் சொன்னான்.

நால்வரும் அப்புசாமியிடம் போனார்கள். இனியா விளக்கி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

“அப்ப, நேரம் தெரிஞ்சா யாரு கணக்க வேணும்னாலும் தெறக்கலாமுங்களா?”

“ஆமாங்க சார்.”

“நாமளும் தெறக்கலாமா, அம்மிணி?”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அதைய அப்படியே உட்ருங்க. வெள்ளிக்கெழமை வெளிய உடறோம்.”

செயலி வெளியே போக, நால்வரில் மூவர் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு வழக்கு வந்தால் மாட்டுவதும் அந்த மூவர்தான். அப்புசாமியின் பெயர் எங்கேயும் இருக்காது. அவர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். மூத்தவனான அறிவுக்குக் கைக்குழந்தை. திரும்பி வந்தவன் யார் முகத்தையும் பார்க்காமல் கையெழுத்தைப் போட்டான். தப்பு உன்னுது, உன்னைத்தான் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று அவர் மிரட்டியதில் நவீன்குமாரும் போட்டுவிட்டான். தனப்பிரியா மறுத்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள். மிச்சம் இருந்தது இனியா.

“எங்கம்மா தெருவே இதுல சேந்திருக்குதுங்க சார். நான் போடமாட்டேனுங்க.”

“உங்கம்மா பேச்ச நம்பித்தான சேந்தாங்க? நீ வெளிய போனாலும், உங்கம்மாதான் ஏமாத்துனான்னு தெரு சொல்லும். அதைய நான் சொல்ல வெப்பேன்.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. வெளியே வந்து, அவர் சொன்னதை மற்றவர்களிடம் அப்படியே சொன்னாள். மூன்றாவது கையெழுத்து விழும்வரை போட்டதைத் திரும்ப எடுக்கலாம். அறிவு எழுந்துபோய்த் தன்னுடையதை எடுத்தான். நவீன்குமாரும் எடுத்துவிட்டான்.

அப்புசாமி வாசலில் நின்றிருந்தார்.

“நீங்க போடலீன்னா பெங்களூர்ல இருந்து வேற ஆளு வந்து போடுவான். உங்க சர்டிபிகேட்டு எங்க இருக்குதுன்னு நெனப்பு இருக்கட்டும்.”

“இருக்குதுங்க,” என்றான் அறிவு. “தர்ஷனையும் கூட்டிக்கிட்டு அஞ்சு பேருமா வந்து கேப்போமுங்க.”

படியிறங்கும்போதே இனியா அம்மாவை அழைத்தாள். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் கணக்குத் திறக்க வேண்டாம், நாங்கள் நாலு பேரும் நேரில் வந்து சொல்கிறோம் என்றாள். அங்கே தறி நின்றது.

“உன்ற பேரச் சொல்லித்தான சேத்துனேன்,” என்றாள் மயிலம்மாள். “ஊட்டுக்கு ஆளு அனுப்புவாங்களா சாமி?”

“அனுப்புனாலும் அனுப்புவாங்கம்மா.”

“சரி, வாங்க. அதுக்குள்ள நானே சொல்லிப்போடறேன்.”

பட்டறைக்குள்ளிருந்து அப்புசாமியின் கார் வெளியே வந்து, அவர்கள் பின்னாலேயே மெதுவாக உருண்டது. நால்வரும் நெருங்கி நடந்தார்கள். இனியா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி யாரையோ கூப்பிடுவது கேட்டது. அந்த வீட்டுத் தறியும் நின்றது. சற்றுப் பொறுத்து அடுத்த வீட்டுத் தறியும் நின்றது.