இணைச்சீருக்கு உட்கார்ந்தவள்

ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் முத்தாயம்மாளுக்கு இருப்புக் கொள்ளாது. அப்படிப்பட்டவள் ஒரு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததே பெரிய காரியம்.

சங்கதி இதுதான். அவளுடைய பெரியப்பா மகள் பொன்னாத்தாளுக்குக் குடலில் கட்டி. எண்பத்திமூன்றில் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்து, பின்வழியை அடைத்து, வயிற்றில் புதுவழி திறந்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து புதுச்சத்திரத்தில் ஆளாளுக்கு டாக்டர். கஞ்சித்தண்ணி தவிர எதுவும் ஆகாதாம். இடுப்பில் சேலை நிற்காதாம். சாக்கு மாதிரி ஒரு பை தொங்குமாம், பக்கத்தில் போனால் குமட்டுமாம். பார்த்தவர் ஒருவரும் இல்லை, சொன்னவர் ஊர்முழுக்க.

இப்போது பொன்னாத்தாளின் ஒரே தம்பி கந்தவேலுக்குக் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் நகைநட்டோடு அவன் பக்கத்தில் மணையில் உட்கார்ந்து இணைச்சீர் செய்தாக வேண்டும். அந்த ஒரு நாளுக்காகவே பொன்னாத்தாள் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அத்தை அத்தாயி தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "சுத்தபத்தமாச் செய்யற சீரு. பங்காளி புள்ளதான, முத்தாயி உக்காரட்டும்." அவள் நாக்குக்குப் பயந்து பொன்னாத்தாளைப் பெற்றவளே தலையாட்டினாள்.

கல்யாணத்தன்று காலையில் பந்தலுக்குள் திடீரென்று ஒரு நாற்றம். பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். "பொன்னாத்தா வந்துட்டாளாட்டம் இருக்குது" என்றாள் அத்தாயி. நகை பூட்டி நின்ற முத்தாயம்மாளும் மூக்கைப் பொத்தினாள். ஆனால் கால் நிற்கவில்லை. நேராக உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

பொன்னாத்தாள் தனியாக உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே பேசியது காதில் விழுந்திருக்கிறது, முகத்திலேயே தெரிந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காத. அந்தப் பை எங்க இருக்குது?"

பொன்னாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வருசத்துல என்றகிட்ட நேராக் கேட்டவ நீ ஒருத்திதான் புள்ள" என்று கொசுவத்தைத் தளர்த்தினாள்.

இடப்பக்க வயிற்றில் மடித்த வெள்ளைத் துணி, மேலே பிளாஸ்திரி. துணியை விலக்கினாள். மாதுளம் மொட்டு அளவில் சிவப்பாக, ஈரமாக ஒன்று. அவ்வளவுதான்.

"பையி?"

"பொட்டிக்குள்ள கெடக்குது. கோழி கூப்பிடவே எந்திரிச்சுக் குழா வெச்சுத் தண்ணி உட்டுக் கழுவிட்டேன், நர்சம்மா சொல்லிக் குடுத்தது. இனி நாளைக்கு வெடியற வரைக்கும் ஒண்ணும் வராது."

"வலிக்குமா?"

"தொட்டாக்கூடத் தெரியாது."

"கஞ்சிதான் குடிக்கோணுமாமா?"

"நேத்துப் பந்தியில எனக்கு மூணு தடவை வடை வெச்சது ஆரு? நீதான?"

"அப்ப இந்த நாத்தம்?"

"சன்னலைத் தொற."

திறந்தாள். காற்று திரும்பியிருந்தது. ஓடைக்கு அந்தப்பக்கம் சேகோ மில்லில் மரவள்ளிக்கிழங்கு அரைத்து விட்ட கழிவுத்தண்ணீர் குட்டையாய்த் தேங்கிக் கிடந்தது. வருஷக்கணக்காக மோந்து பழகிய நாற்றம், ஒருநாளும் ஒருத்தரும் அதற்கு மூக்கைப் பொத்தியதில்லை. இன்றைக்குப் பழி போட ஆள் கிடைத்ததும் ஊருக்கே புதுசாய் மூக்கு முளைத்துவிட்டது. தன் மூக்கும் அதில் ஒன்று என்று நினைத்ததும் முத்தாயம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போ புள்ள, கூப்பிடறாங்கோ. என்ற தம்பிக்கு நல்லபடியா நடந்தாச் செரி" என்றாள் பொன்னாத்தாள். மறுபடி வெற்றிலை அடுக்கக் குனிந்துகொண்டாள்.

வெளியே சீர் நடத்தும் அருமைக்காரர், "இணைச்சீருக்கு உக்கார்றவங்க வாங்க" என்றார். முத்தாயம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அத்தே, நேத்துத் தின்னது ஒத்துக்கலீங்க. வெடிஞ்சதுல இருந்து நாலு தடவை போயிட்டு வந்துட்டேன். மணையில அத்தனை நேரம் அடக்கிட்டு உக்கார முடியாதுங்க!"

அத்தாயி சட்டென்று ஓரடி தள்ளி நின்றாள்.

"அக்காளுக்கு நாளைக்கு வெடியற வரைக்கும் ஒண்ணும் வராதுங்க. எனக்கு இப்பவே வருதுங்க. ஆரை உக்கார வெக்கறதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அப்பறம் என்ன, கூடப்பொறந்தவளையே கூப்பிடுங்க" என்றார் அருமைக்காரர்.

முத்தாயம்மாள் நகைகளைக் கழற்றி அக்காளுக்குப் பூட்டிவிட்டாள். ஆனால் சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. சொம்பை எடுத்துக்கொண்டு சோளக்காட்டுப் பக்கம் நடந்தாள். எந்தச் சீரைக் கண்ணாரப் பார்க்க ஆசைப்பட்டாளோ அதைச் சோளத்தட்டுக்குள் நின்று எட்டி எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. கூறைச்சேலையின் ஒரு முனை கந்தவேலிடம், மறுமுனை அக்காள் கையில். கந்தவேல் சாய்ந்து அக்காள் காதில் என்னவோ சொன்னான். பொன்னாத்தாள் அழுதாள். உடனே சிரித்தாள்.

சாயங்காலம் வரைக்கும் முத்தாயம்மாள் எப்படித்தான் பொறுத்தாளோ. "அக்கா, அவன் என்ன சொன்னான்?"

"வவுத்தைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளு, தொறந்து காட்டறேன்" என்றாள் பொன்னாத்தாள். "அது எனக்கும் என்ற தம்பிக்கும்."