சப்போட்டா தயிர் ஷேக்: இரண்டாம் படி

1

இந்தக் கதை சமையல் குறிப்பாகத்தான் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகையின் கோடைச் சிறப்பிதழுக்கு, பழமும் தயிரும் சேர்த்து வீட்டிலேயே அடிக்கிற ஷேக் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். கனிந்த சப்போட்டா, சிறுமலை வாழைப்பழம், ஆடையோடு கெட்டித் தயிர், சீனி, ஏலக்காய். முதல் படி: பழங்களைத் தோலுரித்துக் கொட்டை நீக்கவும். இரண்டாம் படி: எல்லாவற்றையும் மிக்ஸியில்

அங்கே பேனா நின்றுவிட்டது. மிக்ஸி என்று எழுதியதும் தமிழ்மதி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

(ஆப்பிள் போடலாமே என்பவர்களுக்கு: எங்கள் காம்பவுண்டில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது வாங்குவது. வீட்டில் யாரும் தின்று நான் பார்த்ததில்லை.)

2

"தமிழ்மதிக்கு வயது முப்பத்"

வேண்டாம். வயதைச் சொன்னால் நீங்களும் கல்யாணத் தரகர் மாதிரி விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள்.

"திண்டுக்கல்லில் அன்று வெயில்"

எந்த அன்றைக்குத்தான் வெயில் இல்லை? இதுவும் வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன். இரண்டாயிரத்து மூன்று வாக்கில் என் வீட்டுக்கும் தமிழ்மதி வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினாள். அவள் அம்மா சின்னக்கண்ணு அக்கா சாணார்பட்டிப் பக்கத்துக் கனகாம்பரத்தைப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருவார். அப்பா இல்லை. வீட்டில் இரண்டே பேர்.

அவர்கள் வீட்டுப் பரணில் ஒரு மிக்ஸி இருந்தது. மகள் காலேஜ் முடித்த வருஷம் சீருக்கென்று அக்கா வாங்கிவைத்தது. பெட்டி பிரிக்கவே இல்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கீழே இறக்கி, பெட்டிமேல் சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி ஏற்றிவிடுவார். பழைய பொட்டுமேல் புதுப் பொட்டு விழுந்து, பெட்டியில் அச்சடித்திருந்த படமே மறைந்துபோயிற்று.

சட்னி? அது என் வீட்டில் அரைபடும். தினமும் காலையில் ஒரு தூக்குவாளியில் தேங்காயும் பொரிகடலையும் மிளகாயும் வரும்.

"பரண்லதான் புதுசு கெடக்கேக்கா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அது அவளுது தாயி. அவ போற வீட்டுலதேன் ஓடணும்."

3

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, "கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று போனார்கள். புதன்கிழமைவரை ஒரு தகவலும் வரவில்லை; அன்று தமிழ்மதி லீவு போட்டாள்.

[இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். "கண்ணீர் பெட்டியின் குங்குமத்தில்" என்று வரும்போது எனக்கே கூச்சமாகிவிட்டது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் சுவர் வழியே கேட்டிருக்கும்.]

காலையில் குழாயடிக்கு வந்தாள்.

"அக்கா, டிவியில சப்போட்டா போட்டுத் தயிர் ஷேக் காட்டுனாங்க. எங்க தயிரு லேசாப் புளிச்சிருக்கு. சீனி கூடப் போட்டாச் சரியாகுமா?"

"ஆகும்டி. கொண்டா, நம்ம மிக்ஸில அடிச்சிருவோம்."

"இல்லக்கா," என்றாள். "எங்க வீட்டுல மிக்ஸி இருக்கு."

நானும் சரிதான் என்று துணி துவைக்கப் போய்விட்டேன். பாதித் துணி அலசிய பிறகுதான் அவள் சொன்னது உறைத்தது.

4

சின்னக்கண்ணு அக்கா காலிப் பூக்கூடையோடு காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு வீட்ல தாயி? ஒங்க மிக்ஸியா?"

நான் கொடியில் துணி போட்டுக்கொண்டு நின்றேன். "எங்க வீட்டுது இல்லக்கா."

கூடை தலையிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. அந்தச் சத்தம் நிற்கிறவரை அக்கா நகரவில்லை. அந்தப் பெண் இனி யாருக்கும் காத்திராமல் இந்த வீட்டிலேயே வாழ்ந்து பார்க்க நினைக்கிறாள். அம்மா அதற்கு விடுவாரா, அடுத்த ஆயுத பூஜைக்குப் பரணில் ஏற்ற மறுபடி பெட்டி கட்டுவாரா?

அக்கா உள்ளே போனார்.

5

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. எழுதுகிறவளுக்கு அது ஒரு தடையா என்ன?

முதல் முடிவு: அக்கா சண்டை பிடிக்கிறார். எழுதினேன். ஆனால் சண்டைச் சத்தம் எதுவும் வரவில்லையே.

இரண்டாவது: அதே நேரத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன், சம்மதம் என்று. பத்திரிகைக்கு இதுதான் பிடிக்கும். நாலு வரி ஓடியும் விட்டது. ஆனால் அப்படியானால் மிக்ஸியைக் கழுவித் துடைத்து மறுபடி பெட்டிக்குள் வைக்கவேண்டும். எனக்கு மனசு வரவில்லை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, நான் சுவரோரம் நின்று கேட்டது. (ஆமாம், ஒட்டுக் கேட்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.)

"யாருடி எறக்குனா?"

"நாந்தேன்."

மிக்ஸி ஜாரின் மூடியைக் கழற்றும் சத்தம்.

"இது என் மிக்ஸிதானம்மா?"

"ஒன்னுதுதேன். யாரு இல்லைன்னா?"

"அப்ப நா இருக்குற வீட்டுல ஓடட்டும்."

டம்ளர் ஒன்று மேடையில் வைக்கப்படும் சத்தம். கையில் பிழியாத துணி, என் புடவையெல்லாம் ஈரம்.

"சீனி பத்தலடி," என்றார் அக்கா. "இன்னும் ரெண்டு கரண்டி போட்டு ஒரு சுத்து விடு."

மிக்ஸி மறுபடி ஓடியது.

6

மறுநாள் காலை தூக்குவாளி வந்தது. பழக்கதோஷத்தில் கையை நீட்டி வாங்கிக்கொண்டு மிக்ஸிப் பக்கம் திரும்பிவிட்டேன். சில்லென்று இருந்தது. மூடியைத் திறந்தால் ஏலக்காய் வாசனை.

"குடிச்சுப் பாரு தாயி," என்றார் சின்னக்கண்ணு அக்கா. "எங்க வீட்டு மிக்ஸில அடிச்சது."

7

செய்முறையை முடித்துவிட்டேன். இரண்டாம் படி: மிக்ஸியில் போட்டு அடிக்கவும். சீனி: அம்மா போதும் என்கிறவரை.

பத்திரிகையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், தமிழ்மதிக்கு அப்பறம் கல்யாணம் ஆச்சா?" செய்முறையில் அதற்கு இடமில்லை என்றேன். "அப்ப இந்த 'எத்தனை பேருக்கு'ங்கிற இடத்த மட்டும் காலியா விட்டுட்டீங்களே?" என்றாள்.

அது தெரிந்தேதான் விட்டேன். அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு டம்ளர் போதுமாக இருந்தது. உங்கள் கணக்கு எதுவோ, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.