பாஸ்போர்ட்டுக்கு டச்சுப் பரீட்சை

கடத்தூர் பஸ் நிறுத்தத்தில் சலோமியை வழிமறித்தான் அண்ணன் யோபு. ஹாலந்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குக் கிளம்பியவளின் பாஸ்போர்ட் இப்போது அவன் சட்டைப் பையில் இருந்தது. அவளைத் தன் மச்சினனுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்க அவன் நாளே குறித்துவிட்டான்.

“தெனமும் வூட்ல முணுமுணுத்தியே, அந்த டச்சுப் பாஷைய இங்க பேசு. பேசிட்டா பாஸ்போர்ட் உனக்கு. தண்ணி எப்படிக் கேப்ப?”

“மாஹ் இக் வாட்டர்?”

“த்தூ! காறித் துப்புற மாதிரி இருக்கு.”

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் சிரித்தது. சலோமி அடுத்த கேள்விக்கு நிமிர்ந்து நின்றாள்.

“ஸ்டேஷனுக்கு வழி?”

“வார் இஸ் ஹெட் ஸ்டாஸியோன்?”

“நன்றி?”

“டாங்க் யூ வெல்.” தட்டுத்தடுமாறாமல் வந்தது.

சேலம் பஸ் வந்து நின்றது. கூடைக்காரி ஒருத்தி, “அதான் புள்ள பேசிருச்சில்ல, ஆம்பள சொன்ன வார்த்தைய காப்பாத்துங்க!” என்று அதட்டினாள். இப்போது கூட்டம் யோபுவைப் பார்த்துச் சிரித்தது. முகம் கறுத்துப் பாஸ்போர்ட்டை நீட்டியவன், விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டான்.

“பெரியவங்ககிட்ட ‘போயிட்டு வரேன்’னு சொல்லணுமே, அது எப்படிடி?”

சலோமி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு பஸ் படியில் ஏறினாள்.

“அத மட்டும் நான் படிக்கலண்ணா.”